மதிப்பீட்டுக்குச் சீட்டுப் போட்ட கதை

கூச்சக்காரனை எங்கேயும் தனியாக அனுப்பக் கூடாது. ஒன்று, பேசாமல் கெடுப்பான். இல்லாவிட்டால் பேசிக் கெடுப்பான். நான் ஒரே காலையில் இரண்டையும் செய்தவன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். (அதோடு நின்றதற்குப் பள்ளி காரணமில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டுமே, அந்தப் பயம்தான்.) இப்போது என் மகள் தேவி அதே பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என் மனைவிதான் தலைவி. நான் தலைவியின் கணவன். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

இந்த வருடம் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று கடிதம் வந்தது. மதிப்பெண் குறைந்தால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ரோட்டுப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பாதிப் பிள்ளைகளின் படிப்பு அதோடு போய்விடும். மனைவிக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. பள்ளியின் ஒரே டீச்சரான தலைமை ஆசிரியைக்கோ தூக்கமே போய்விட்டது.

டீச்சர் நல்ல டீச்சர். ஆனால் அந்த ஒரு மாதம் அவர் பாடம் நடத்தவில்லை, ஒத்திகை நடத்தினார். சுவருக்கு வர்ணம், கதவுக்கு வர்ணம், கொடிக்கம்பத்துக்கும் வர்ணம். காட்டுவதற்கென்று 'மழை' என்ற ஒரே பாடம். அதில் இருபத்திரண்டு கேள்விகள். பதில் சொல்ல மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகள். மற்றவர்கள் கைகட்டிச் சிரித்த முகமாக உட்கார வேண்டும்.

இது பொறுக்காமல் நாலைந்து தாய்மார்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி மீன் விற்கப் போயிருந்த நேரம். அதே மூன்று பிள்ளைகள்தான் பேச வேண்டுமா, நம் பிள்ளைக்கு வாய் இல்லையா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உன் பொண்ணு அந்த மூணுல ஒண்ணு. அதான் நீ கம்முனு கீற" என்றாள் ஒருத்தி.

எனக்குத் தெரிந்த பஞ்சாயத்து ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களுக்கு அடிதடி வராமல் இருக்க 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் பாடு என்று பிரித்துக்கொள்வோம். அடுத்தவர் பாடு இருக்கும் நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும் வலை இறக்கக் கூடாது. இறக்கினால் அபராதம்.

பள்ளியில் இருந்தவர்களும் இருபத்திரண்டு பேர். பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். கேள்விக்கு ஒரு பிள்ளை. தாய்மார்கள் சமாதானமாகப் போனார்கள். டீச்சர் தயங்கினார்; ஆனால் சண்டை ஓய்ந்ததே என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்கோ ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. மழை எப்படி வருகிறது என்பதைவிட இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குழு வருவதற்கு முந்தின நாள், சுண்ணாம்புக்குளத்தில் மனைவியின் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. மனைவி கிளம்பும்போது, "எனக்குப் பதிலா நீ போய்க் குந்து. கேட்டா மட்டும் பேசு. கேக்காட்டி வாயத் தொறக்காத" என்றாள்.

மறுநாள் ஒரு சாரும் ஒரு மேடமும் வந்தார்கள். வகுப்பின் பின்னால் ஒரு நாற்காலியில் நான், வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தேன். சார் வரிசைப்படி கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "மேகம் எப்படி உண்டாகுது?" என்றார்.

ஒரு சத்தமும் இல்லை. அது ஒன்பதாவது கேள்வி. சுரேஷ் என்ற பையனுடைய பாடு. அவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான்.

சார் சிரித்துக்கொண்டே என் மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, தெரியாதா?" என்றார்.

தேவி எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும் சார். ஆனா அது என் பாடு இல்ல."

"யார் பாடு?"

"சுரேஷ் பாடு. அவன் வரல."

"பரவால்ல, வேற யாராவது சொல்லுங்க."

"யாரும் சொல்லக் கூடாது சார்" என்றாள் தேவி, பெரிய மனுஷி மாதிரி. "அபராதம்."

மற்ற இருபது தலைகளும் ஆமாம் என்று ஆடின. இத்தனை கட்டுப்பாடான வகுப்பை அந்த சார் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார். டீச்சர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் என் பக்கம் திரும்பி, இது என்ன ஏற்பாடு என்று கேட்டார். கேட்டால் பேசு என்பது மனைவியின் உத்தரவு. முதலில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, நிற்கவில்லை. சீட்டு, சாக்பீஸ் டப்பா, இருபத்திரண்டு கேள்விகள், ஒத்திகை, கொடிக்கம்பத்து வர்ணம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்போ ஒரு மாசமா மத்த பாடம்?" என்றார் மேடம்.

"அதுக்கு எங்க மேடம் நேரம்? நீங்க வரீங்கன்னு இதையே பாத்துக்கினு இருந்தாங்க" என்றேன். டீச்சருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மேடம் கையிலிருந்த டேப்லெட்டில் வெகுநேரம் தட்டினார்.

நான் சொல்வதற்கு முன்பே விஷயம் சுண்ணாம்புக்குளம் போய்விட்டது. திரும்பி வந்த மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பள்ளிக்கூடத்த மூடிட்டா நீயே தெனம் புள்ளைங்களத் தோள்ல தூக்கிக்கினு போ" என்றாள்.

மூடவில்லை. மதிப்பெண் சுமார்தான். குழுவுக்காகப் பாடத்தை நிறுத்த வேண்டாம், மூன்று பேரோடு நிற்காமல் எல்லாப் பிள்ளைகளிடமும் கேளுங்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். டீச்சர் ஒரு வாரம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அந்த டப்பாவையே எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். இப்போது கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, பிறகு சீட்டு எடுக்கிறார். யார் பெயர் வரும் என்று தெரியாததால் கடைசி வரிசையும் விழித்திருக்கிறது. பெயர் வந்தவனுக்குத் தெரியாவிட்டால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அபராதம் கிடையாது.

அறிக்கையின் கடைசி வரி எனக்கு. பெற்றோருக்குப் பேச்சுப் பயிற்சி தேவையாம். மீஞ்சூரில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீயும் பன்னும் சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சான்றிதழோடு திரும்பினேன்.

மனைவி அதைக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

"பேசக் கத்துக்கினு வந்துகீறாரு. யோவ், இவங்களுக்கு ரெண்டு வார்த்த பேசிக் காட்டு."

நான் அதற்குள் கொல்லைப்புறம் போயிருப்பேன்.