ஆக்சிலுக்கு அடியில் ஒரு ஜோடிக் கால்

இந்த இனத்தை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. முகம் வண்டிக்கு அடியில் இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் ஒரு ஜோடிக் கால், முழங்காலை நோக்கி ஏறிப்போன கால்சட்டை, கை எட்டும் தூரத்தில் புல்லில் ஒரு பீர் டின். பழைய ட்ரெய்லர் வீடு ஒன்றை வாங்கிவிட்டு, அதன் ஆக்சில், அதாவது சக்கரங்களைச் சேர்க்கும் இரும்பு அச்சு, எத்தனை பவுண்டு தாங்கும் என்று கண்டுபிடிக்க அடியில் நுழைந்து, கண்டுபிடித்த பிறகும் வெளியே வராத ஆண்பிள்ளை இவர். இண்டியானாவில் எந்த ஏரிக்கரை முகாமுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இரண்டு மூன்று உருப்படிகளாவது கிடைக்கும்.

நல்ல மாதிரிக்கு டெல்மர் வாண்டர்ஸ்லூட்டை எடுத்துக்கொள்வோம். கோழித்தீவன ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது அறுபத்தேழு, ட்ரெய்லருக்கு ஐம்பது. பதினாறு அடி நீளம், ஒரே ஒரு ஆக்சில். பனி கொட்டுவதற்குள் அதை பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்குப் போய், வசந்தம் வரை வெயில் காய்ந்துவிட்டு வருவதாக அவரும் மனைவி ஆர்டித்தும் ஏற்பாடு. ஆர்டித்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: அவளுடைய இரும்புத் தையல் மெஷின் கூடவே வர வேண்டும். அங்கே கூடும் பெண்களோடு உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத்தான் அவள் போகிறாளே தவிர, டெல்மரின் முகத்தைப் பார்க்க அல்ல. அதை முப்பத்தொன்பது வருஷமாகப் பார்த்தாயிற்று.

"மெஷின் வரும், வரும். ஆக்சில் ஒத்துக்கிட்டா வரும்" என்றார் டெல்மர்.

ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்பது ஆக்சிலிலேயே ஒரு சின்னத் தகட்டில் எழுதியிருக்கும். பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பை ஐம்பது குளிர்காலம் தின்றதில் டெல்மரின் ட்ரெய்லரில் தகடு போய், தகடு இருந்த தழும்பு மட்டும் மிச்சம். இதற்காக அவர் வருத்தப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? தகடு இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்து, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ வேண்டியிருந்திருக்குமே!

எனவே குழாயின் கனத்தை அளந்தார். சக்கரத்துக்கு எத்தனை நட்டு என்று எண்ணினார், ஐந்து. அது ஐந்துதானா என்று மறுநாள் மறுபடி எண்ணினார். பிரேக் டிரம்மைக் கழற்றி அளந்தார், பத்து அங்குலம். இந்த மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் பட்டறைக்காரர் போனிலேயே, "மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகச் சொன்னால் அது எப்படிச் சரியாக இருக்கும்? டெல்மர் திரும்பவும் அடியில் போனார்.

ஒரு ஜோடிக் கால் தெரிந்தால் போதும், அடுத்த ட்ரெய்லர்காரர் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார். ஹாலிஸ் பிரூவிட் வந்தார்.

"நாலாயிரம் அசால்ட்டாத் தாங்கும்டா டெல்மர். அந்தக் காலத்து இரும்பு."

"அந்தக் காலத்துத் துருவும் அதுலதானே இருக்கு? அதைக் கழிக்க வேணாமா?"

"உனக்கும் அதே காலந்தான். உன்கிட்ட எத்தனை கழிக்கிறது?"

டெல்மர் கழித்தார். துருவுக்கு இருநூறு, ஸ்பிரிங் தளர்ந்ததற்கு நூற்றைம்பது, வயதுக்கு மரியாதையாக நூறு, போகிற வழியில் வரும் இல்லினாய் சாலைப் பள்ளங்களுக்கு ஐம்பது. ஒரே வாரத்தில் ஆக்சில் ஐந்நூறு பவுண்டு இளைத்து மூவாயிரத்துக்கு வந்து நின்றது. டெல்மர் ஒரு பவுண்டுகூட இளைக்கவில்லை.

அடுத்த கட்டம், குளியலறைத் தராசு முற்றத்துக்கு வருவது. வாணலி ஏறியது. ஊறப்போட்ட பீச் பழப் பாட்டில்கள் ஏறின. துணி மூட்டை ஏறியது. ஒவ்வொன்றையும் டெல்மர் பென்சிலால் குறித்து, உதட்டைப் பிதுக்கி, "கஷ்டந்தான்" என்றார்.

"நீயும் ஒரு தடவை ஏறிடேன், ஆர்டித்."

"நான் பிக்கப்புல உக்காந்து வர்றவ. நான் எதுக்குடா ஏறணும்?"

"ஒரு முழுமைக்குத்தான்."

"ஏறினா உன் மேலதான் ஏறுவேன். தள்ளு."

தையல் மெஷின் முப்பத்தெட்டு பவுண்டு காட்டியது. டெல்மர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மெஷின் கிடையாது."

"உன் டூல்ஸ் பெட்டிங்க எப்பத் தராசுல ஏறும்?"

"அது சாமான் இல்ல, கருவி."

"கருவிக்கு எடை கிடையாதா?"

இங்கேதான் இந்த இனத்தின் வேதம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

"கருவிங்கிறது வண்டியைக் காப்பாத்துற பொருள், ஆர்டித். பாரம்னா சும்மா உக்காந்துக்கிட்டு வர்றது."

"அப்ப நீ என்ன கணக்கு?"

ஹாலிஸ் பீரைப் புரையேற்றிக்கொண்டார். ஆனாலும் இருமலுக்கு நடுவே, டெல்மர் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார். அவர் வண்டியிலும் கருவிகள் இருக்கின்றன அல்லவா?

ஆர்டித் கத்தவில்லை. மெஷினைத் தூக்கி ட்ரெய்லர் கட்டிலின் மேல் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டினாள். "போற வழியில லாரி எடைமேடை இருக்கு. அதுல ஏத்து. உன் மூவாயிரத்தைத் தாண்டி, அதுக்கு என் மெஷின்தான் காரணம்னா, அதை இறக்கிடு. ஆனா கூடவே நானும் இறங்கிடுவேன். நீயும் ஆக்சிலும் ஜோடியாப் போயிட்டு வாங்க."

இந்த இனத்துக்கு எடைமேடையைக் கண்டால் ஆகாது. நாலு மாதம் படுத்து எழுந்து யோசித்ததை அது ஒரே நிமிஷத்தில் சீட்டில் அடித்துக் கையில் கொடுத்துவிடும். அப்புறம் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? ஆனால் ஆர்டித் சொன்னது ஹாலிஸ் காதில் விழுந்துவிட்டது. ஹாலிஸ் காதில் விழுந்தால் முகாம் முழுக்க விழுந்த மாதிரி. டெல்மரால் பின்வாங்க முடியவில்லை. வேடிக்கை பார்க்க ஹாலிஸும் தன் பிக்கப்பில் பின்னாலேயே வந்தார்.

மேடை கேட்டது ட்ரெய்லர் சக்கரத்தை மட்டும். மேடைக்காரி சீட்டைக் கிழித்து நீட்டினாள். மூவாயிரத்து எழுநூற்று நாற்பது.

டெல்மரின் விரல் தயாராக இருந்தது. "பாத்தியா? மூவாயிரத்தைத் தாண்டிடுச்சு. உன் மெஷின்!"

"கண்ணு, அந்த மெஷின் எத்தனை?" என்று மேடைக்காரி ஆர்டித்தைக் கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"அப்ப அதை இறக்கினாலும் எழுநூத்தி ரெண்டு மிச்சம் நிக்குதே. அதுக்குள்ள வேற யாரு படுத்திருக்கா?"

ஆர்டித் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பலகையைத் தூக்கினாள். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்க, சிமென்ட் தரையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: மூன்று ஜாக்கி, அந்த ஜாக்கிகளுக்கு முட்டுக் கொடுக்க இரும்புக் கட்டைகள், உலகத்தில் இன்னும் யாரும் செய்யாத நட்டுக்குக்கூடப் பொருந்தும் ஸ்பானர் வரிசை, இரண்டு வெல்டிங் மெஷின் (ஒன்று ஓடாது), கிரீஸ் வாளி, சங்கிலி, நாலு சக்கரம். கடைசியாக, இரண்டு லாரி டிரைவர்கள் இறங்கி வந்து இழுத்துப் போட்டது ஒரு முழு ஆக்சில்.

"இது எதுக்கு?" என்றாள் ஆர்டித்.

டெல்மர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாரம் தாங்காம ஆக்சில் உடைஞ்சா மாத்துறதுக்கு."



எல்லாவற்றையும் ஹாலிஸின் பிக்கப்பில் ஏற்றி முகாமுக்கு அனுப்பினார்கள். ஏற்றும்போது ஹாலிஸ் தன் வண்டியின் பின்சக்கரங்களைக் கவலையோடு குனிந்து பார்த்தது வேறு கதை. ட்ரெய்லர் மறுபடி மேடை ஏறியது. கட்டிலில் மெஷின் அப்படியே இருக்க, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

டெல்மர் அந்தச் சீட்டை நன்றாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்:

"மூவாயிரம்னு நான் அப்பவே சொல்லல? கரெக்டா வந்துச்சா இல்லையா?"

 ஆர்டித் பிக்கப்பின் டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவிக்காக டெல்மரிடம் கையை நீட்டினாள்.

சிரித்தாயிற்றா? சரி. போன தடவை குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டபோது, வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் பையையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு, அது எதுக்கு, வண்டி என்னத்துக்கு ஆகும்" என்று கேட்டது யார்? கேட்கிற வேளையில் உங்கள் பை எங்கே இருந்தது? முதல் ஆளாக டிக்கிக்குள் ஏறி, ஒரு ஓரமாகப் படுத்திருக்கவில்லையா?