ஏலக்காரர் கொப்பளித்த தண்ணீர்

ஏலக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் ஊசி கிடையாது. செத்தாலும் சரி.

மொத்தக் காய்கறிச் சந்தையில் அவர் குரல் கொடுத்தால் தூங்குகிற தக்காளியும் எழுந்து உட்காரும். அந்த வாய்க்குள்தான் இப்போது புண். வயிற்றுக் கட்டியைக் கரைக்கப் போட்ட ஊசி, கட்டியைக் கரைத்ததோ இல்லையோ, வாயைக் கரைத்துவிட்டது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதைதான். நாக்கடியில் புண், கன்னத்துக்குள் புண். ஆறின கஞ்சிகூடக் கண்ணாடித் தூளாக இறங்கியது. ருசியோ அடியோடு போச்சு. உப்பும் சர்க்கரையும் அவருக்கு ஒன்றுதான்.

"வெறுத்துப்போச்சுடி. விட்டுடு என்னை," என்றார் மனைவியிடம்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியில கொப்பளிச்சா ஆறும். ஆறினாத்தான் அடுத்த ஊசி."

"ஆறலேன்னா?"

"தள்ளிப் போடுவாங்க."

ஏலக்காரர் காதில் தேன் பாய்ந்தது.

"அப்ப ஒரு பந்தயம். அடுத்த தடவை போறதுக்குள்ள ஆறிட்டா, மறுபேச்சு பேசாம ஊசி போட்டுக்கறேன். ஆறலேன்னா ஊசிங்கிற பேச்சையே நீ எடுக்கக் கூடாது. எப்பவும்."

கால் கிலோ வெங்காயத்துக்கே கடைக்காரனை அழ வைக்கிறவள், "ஆகட்டும்ங்க" என்றாள். அப்போதே மனுஷர் சுதாரித்திருக்க வேண்டாமோ?

வேளாவேளைக்கு டம்ளரில் கலந்து நீட்டுவாள். வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போடுவார். டம்ளரைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்ப்பார். வெளியே அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாளே, சத்தம் வேண்டாமா? குழாயைத் தொடமாட்டார். அதில் கிருமி இருக்கும், இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பல் விளக்கவென்று மனைவி காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அலமாரிக் கூஜாவில் இருக்கும். அதை வாயில் ஊற்றிக் கொடகொடவென்று கொப்பளிப்பார்.

"சத்தம் பத்தலையே! நல்லா, இன்னும் நல்லா!"

"க்ளொக் க்ளொக்... போதுமா தாயே?"

"இன்னொரு வாய்!"

வெளியே வந்தால் துண்டால் அவர் முகவாயைத் துடைத்துவிடுவாள். அதுதான் அவரைக் கொன்றது. நம்புகிறாளே, பாவி! கட்டிலில் குப்புறப் படுத்து அழுதார். இத்தனை வருஷம் ஊரான் சரக்கை ஏலம் விட்டவன், இப்போது சொந்த உயிரை வந்த விலைக்குத் தள்ளுகிறேனே என்று அழுதார். வாய் விட்டு அழவும் வழியில்லை. திறந்தால் வலித்தது.

அப்புறம் ஒரு நாள் கஞ்சி வலிக்காமல் இறங்கியது. ஏலக்காரருக்குத் திக்கென்றது. நாக்கால் துழாவினார். கன்னத்தில் காணோம். நாக்கடியில் காணோம். அடக் கஷ்டமே!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "அருமையா ஆறியிருக்கு! ஒழுங்கா கொப்பளிச்சிருக்கீங்க."

"நான் எங்கே கொப்பளிச்சேன்?" ஏலக்காரர் சந்தைக் குரலில் அலறினார். "அத்தனையும் தொட்டியில கொட்டிட்டேன்! தானா ஆறினது கணக்குல வராது. பந்தயம் செல்லாது!"

மனைவி நிதானமாகத் திரும்பினாள். "நீங்க கொட்டினது வெறும் தண்ணிங்க."

"என்னது?"

"முதல் நாளே தொட்டி ஓரத்துல சோடா வெள்ளையா காய்ஞ்சிருந்துச்சு. மறுநாள்லேருந்து டம்ளர்ல வெறும் தண்ணி. உப்பும் சோடாவும் கூஜாவுல. உங்க நாக்குக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

ஏலக்காரர் அப்போதும் விடவில்லை. "நான் குழாயில பிடிச்சுக் கொப்பளிச்சிருந்தா? அப்ப என்னடி பண்ணியிருப்பே?"

"தெரியும்ங்க, பிடிக்கமாட்டீங்கன்னு. சாகத் துணிஞ்ச மனுஷன் குழாத்தண்ணிக்கு அப்படிப் பயப்படுவாரா?" என்று அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.