சம்பந்தி கொடுத்த ஸ்பீக்கர்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்னேஷ் அவர்களுக்கு,

பிள்ளையார்பாளையத்திலிருந்து மாமனார் சபாபதி நல்லாசியுடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் இங்கு நான், தங்கள் மாமியார் கலைவாணி, பிரசவத்துக்கு வந்திருக்கும் சங்கீதா, இன்னும் பெயர் வைக்காத பேரன் எல்லோரும் சுகம். செவிலிமேட்டில் தங்கள் தந்தையார் சிவராஜ் மிகமிகச் சுகம் என்பது போனில் கேட்கும் அவர் சிரிப்பிலேயே தெரிகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பக்கத்தில் அவர் இருப்பார், வீட்டுக்கு அனுப்பினால் பிரித்துவிடுவார். ஆகையால் தங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

பேரனுக்கு என் அப்பா கண்ணாயிரம் பெயரா, சம்பந்தியின் அப்பா குமாரசாமி பெயரா என்று நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றபோது, "ரெண்டு பேரும் சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டு கடையில வீடியோ கேம் ஆடினவங்கதானே, அதுலயே முடிவு பண்ணிக்குங்க" என்றது தாங்கள்தான். பழைய கேமெல்லாம் ஓடும் என்று என் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டுக் கொடுத்ததும் தாங்கள்தான். மாப்பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது? ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. என் கம்ப்யூட்டரில் மட்டும் சத்தம் ஏன் லேட்டாக வருகிறது? பட்டனை அமுத்துகிறேன், ஆள் குதிக்கிறான், சத்தம் இல்லை. அவன் பள்ளத்தில் விழுந்து, செத்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு நிதானமாக 'டொய்ங்' என்று குதிக்கிற சத்தம் வருது. எனக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். தறி சத்தத்தை வெச்சே அடுத்த மிதி மிதிக்கிறவன் நான். சத்தம் பிந்தினா கை பிந்துது, கை பிந்தினா ஆள் பள்ளத்துல. இந்த விஷயம் சம்பந்திக்கும் நல்லாத் தெரியும், அவரும் தறிக்காரர்தானே!

போன்ல கேட்டதுக்கு, "மாமா, செட்டிங்ஸ்ல ஆடியோ பஃபரைக் குறைச்சிப் பாருங்க"ன்னீங்க. குறைச்சேன். சத்தம் கொரகொரன்னு வந்துது, ஆனா லேட்டாத்தான் வந்துது. அப்பதான் பொறி தட்டுச்சு. வயரில்லாத ஸ்பீக்கர்ல சத்தம் லேட்டாத்தானே வரும், இதை யார் குடுத்தது? கொழந்தையைப் பாக்க வந்தப்ப, "பேரனுக்குத் தாலாட்டு போடுங்க சம்பந்தி"ன்னு உங்கப்பா வெச்சிட்டுப் போனாரே, அதுதானே! கொலுசு குடுக்கிறவங்களைப் பாத்திருக்கேன், ஸ்பீக்கர் குடுக்கிறவரை இப்பத்தான் பாக்கிறேன். அவர் வீட்டுல மட்டும் வயர் போட்ட ஸ்பீக்கராம்! சங்கீதாகிட்ட சொன்னா, "சும்மா சந்தேகப்பட்டுக்கினே இருக்காதப்பா, கொழந்த தூங்குது"ங்கிறா. அவளையும் கைக்குள்ள போட்டுக்கினீங்களா மாப்ளே?

ஞாயித்துக்கிழமை போட்டி, அவங்கவங்க வீட்டுல இருந்தே. எனக்கு ஒரே பொண்ணு. இந்தப் பேரனை விட்டா எங்கப்பா பேரைச் சொல்ல ஆளில்ல. நேரா ஆடித் தோத்தா ஒத்துக்குவேன், சதியில தோக்க மாட்டேன். ஆகவே தாங்கள் நேரில் வந்து, என் கண் முன்னால் சத்தத்தைச் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் சகல செல்வமும் பெற்று நன்றாக இருக்க வேண்டும். தங்கள் தந்தையாருக்கும் என் வணக்கம், கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
சபாபதி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் சம்பந்தி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பரண்மேல் கிடந்த பழைய வயர் ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தேன். சத்தம் கரெக்டாக வருகிறது. 'டொய்ங்' என்று கேட்டுக்கொண்டே அதே பள்ளத்தில் விழுந்தேன். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த கலைவாணி, "இன்னாங்க, இதுக்கா இவ்ளோ அலப்பறை?" என்று ஒற்றைக் கையாலேயே எல்லாப் பள்ளத்தையும் தாண்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் ஆடுவாளாம். ஜெயித்தால் அவள் அப்பா மணிவண்ணன் பெயராம். "அந்தப் பேருதாம்மா கூப்பிடுற மாதிரி இருக்குது" என்று சங்கீதா வேறு. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நானும் அவரும் இனி ஒரே கட்சி என்று சம்பந்தியிடம் சொல்லுங்கள். கலைவாணி ஆடும்போது மட்டும் அந்த ஸ்பீக்கரை மாட்டிவிட முடியுமா மாப்ளே?