மலைப்பாம்பு எடை குறைத்த கதை

ஒரு காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. டாக்டர் கொக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் இருந்தார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை சொரிமுத்து என்ற மலைப்பாம்பு இடுப்புவலி என்று வந்து சேர்ந்தது. இடுப்பு எங்கே இருக்கிறது என்று டாக்டர் கேட்கவில்லை. முந்தின நாள்தான் அது ஒரு காட்டுப்பன்றியை விழுங்கியிருந்தது, அதையும் கேட்கவில்லை. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் எடைதான் காரணம். குறைங்க."

"எப்படிக் குறைக்கிறது டாக்டர்?"

"ஆன்லைன்ல. நர்ஸம்மா சொல்லித் தருவாங்க. அடுத்தது யாரு?"

நர்ஸ் முயல் பாம்பின் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தது. வயிறு நிறைந்த பாம்பிடம் அதற்குப் பயமில்லை. "சாப்பிடறதை எல்லாம் இதுல பதியணும் சார். தினமும் காலையில ஆலோசகர் மேடம் வீடியோவுல வருவாங்க."

ஆலோசகர் நிவேதிதா ஒரு புள்ளிமான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டு எல்லா நோயாளிகளிடமும் போனில் பேசும்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"நேத்து ராத்திரி?"

"பசிக்கல மேடம்."

மானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நோயாளி அதற்கு வாய்த்ததே இல்லை. ஆப்பில் இருந்த எடைக்குறைப்புக் குழுவில் கரடி இசக்கி, குடித்த தேனை எல்லாம் 'கஷாயம்' என்று பதிந்துகொண்டிருந்தது.

சொரிமுத்துவுக்கும் அந்தக் காலைப் பேச்சு பிடித்துப்போனது. பாம்பைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்களே தவிர, எப்படி இருக்கீங்க என்று யாரும் கேட்டதில்லை. விடிந்ததும் போனைச் சுற்றிப் படுத்துக் காத்திருக்கும்.

வாரங்கள் போயின. பன்றி செரித்தது. எடை மளமளவென்று இறங்கியது.

"அண்ணே, வாயை எப்படிக் கட்டுறீங்க?" என்று குழுவில் கரடி கேட்டது.

"நான் எதையும் கட்டலையே தம்பி."

என்ன ஒரு அடக்கம் என்று எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள்.

சுகாதார நிலையத்தில் பாராட்டு விழா என்று முடிவாயிற்று. மான் நேரில் வந்து சால்வை போர்த்தும். விழாவுக்கு முந்தின காலை சொரிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னது: "மேடம், இப்ப கொஞ்சம் பசிக்கிற மாதிரி இருக்கு."

"அது பசி இல்ல சார், தாகம். வெந்நீர் குடிங்க."

குடித்துப் பார்த்தது. பசியாகத்தான் இருந்தது.

மறுநாள் மான் சால்வையோடு மேடை ஏறியது. "போன்ல பார்த்ததைவிட ரொம்ப இளைச்சிருக்கீங்க சார்."

"போன்ல பார்த்ததைவிட நீங்க..." என்று சொரிமுத்து ஆரம்பித்தது. முடிக்கவில்லை. சால்வையும் சேர்ந்து உள்ளே போயிற்று.

கூட்டம் கலைந்தது. டாக்டர் கூரைமேல் பறந்து போய் உட்கார்ந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே சொரிமுத்து அழுதது. உண்மையாகவே அழுதது, காட்டில் அதனிடம் பேசிய ஒரே சிநேகம் அது. பிறகு, பொய் சொல்லத் தெரியாததால், ஆப்பைத் திறந்து வாலால் பதிந்தது: 'மான் ஒன்று. சால்வை ஒன்று.'

ஆப் உடனே பதில் போட்டது: 'புரதம் நன்று. நார்ச்சத்து மிக நன்று. ஒரு நாள் அளவு கூடியதற்காக வருந்த வேண்டாம். உங்கள் ஆலோசகர் நாளை பேசுவார்.'

விடிந்தது. சொரிமுத்து பயந்துகொண்டே போனைத் திறந்தது. திரையில் ஒரு முள்ளம்பன்றி, முள்ளெல்லாம் சிலிர்க்க உட்கார்ந்திருந்தது.

"வணக்கம் சார். நான் புது ஆலோசகர். மனசு எப்படி இருக்கு?"

"ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கட்டுமா?"

"எதுவா இருந்தாலும் போன்லயே பேசிக்கலாம் சார்."

நீதி: ஒரு நாள் வாய்க்கட்டு தவறிவிட்டதே என்று யாரும் மனம் உடைய வேண்டாம், ஆலோசகர் பணியிடம் உடனே நிரப்பப்படும்.