மதகு திறந்த மகாராணி

மேகங்கள் வழிதவறிக்கூடப் போகாத ஒரு திசையில் குறுமலை நாடு இருந்தது. அங்கே அரியணை ஒரு கணமும் ஆறிப்போகக் கூடாது என்பது சட்டம். அரசர் குளிக்கப் போனாலும் வேட்டைக்குப் போனாலும் யாராவது அதில் உட்கார்ந்து சூட்டைக் காக்க வேண்டும். மெத்தை அமுங்கிவிடக் கூடாதல்லவா, அதனால் ஒல்லியான ஆளாகத் தேடினார்கள். ஒல்லியான ஆட்களுக்கு அந்த நாட்டில் குறைவே இல்லை. மேலமடைச் சடையனின் மகள் உலகாயி, பதினான்கு வயதில், இரண்டு வேளைச் சோற்றுக்கு அந்த வேலையில் சேர்ந்தாள்.

மேலமடையில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. அரசரின் படகுக் குளம் நிரம்பட்டும் என்று, மேலமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் ஏரி மதகை அடைத்திருந்தார்கள். முறையிட வந்தவர்களால் அரண்மனையில் புழுதி படிகிறதாம்; வறட்சி மனு கொடுப்பவர் வாசல் தெளிக்க ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என ஆணை பிறந்தது. பாவம், எங்கெங்கோ ஊற்றுத் தோண்டி அதையும் சுமந்து வந்தார்கள். அமைச்சர் செங்கோடராயர் குடங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். பிறகு ஏது வறட்சி? மனு தள்ளுபடி!"

அரசர் வேட்டையில் இருந்தார். குடத்தோடு வந்திருந்த சடையன், அரியணையில் இருந்த மகளை அண்ணாந்து பார்த்தார்.

"ஆத்தா, நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லேன்."

சூடு காப்பவர் வாய் திறக்கக் கூடாது, அதுவும் சட்டம். அப்பா வெறுங்குடத்தோடு திரும்புவதை உலகாயி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் எனக்கே வரட்டும், முதல் வேலை அந்த மதகுதான் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

ஆறு வருஷம் அரண்மனைப் பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டாள். யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது என்பது அத்துப்படியாயிற்று. வாரிசில்லாத அரசர் வேட்டையில் செத்தபோது தளபதிகளும் அமைச்சர்களும் வாளை உருவிக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க அடிச்சுக்கிட்டு முடிக்கிறவரைக்கும் நானே உக்காந்திருக்கேன்" என்றாள் உலகாயி.

இவளை எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துச் சம்மதித்தார்கள். பட்டம் கட்டிய கையோடு, மதகைத் திறக்கச் சொன்னாள்.

"தாராளமாகத் திறக்கலாம், தாயே" என்றார் செங்கோடராயர். "வயல் விளையும். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அப்புறம் இந்த வாசலுக்கு எவன் வருவான்? தளபதிகள் உங்களைத் தூக்கி எறிய வரும்போது, உங்களுக்காக நிற்க ஆள் வேண்டாமா?"

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அயோக்கியன்தான், ஆனால் அவன் சொன்னது பொய்யில்லையே! இந்த இடம் போய்விட்டால் மதகும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் ஆணை வந்தது: மகாராணியின் பிறந்தநாள்தோறும் காலை முதல் மாலை வரை மதகு திறந்திருக்கும்.

முதல் பிறந்தநாளில் ஊரே வாய்க்காலில் இறங்கிக் கூத்தாடியது. சடையன் முழங்கால் தண்ணீரில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எம் மவ இருக்கங்காட்டி வருஷத்துக்கு ஒரு நாளாச்சும் தண்ணி வருது. அவ நூறு வருஷம் ஆளணும், சாமீ!"

பொழுது சாய்ந்தது. மதகுக்காரன், ஏரிக்கரையில் நின்ற மகாராணியின் முகத்தைப் பார்த்து நின்றான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. திரும்பிப் பார்த்தாள். வாழ்க கோஷத்தில் மிரண்டுபோன தளபதிகள் முதன்முறையாகத் தலை கவிழ்ந்து நின்றிருந்தார்கள்.

மகாராணி கையை உயர்த்தினாள். மதகு இறங்கியது. கை தங்களைப் பார்த்துத்தான் அசைகிறது என்று நினைத்த ஜனங்கள், இன்னும் உரக்க வாழ்த்தினார்கள்.