சாப்பாட்டு மேசையில் கர்னலின் பட்டாளம்

உலகத்தில் நடந்த அத்தனை யுத்தங்களிலும் கலந்துகொண்டு, ஒன்றில்கூடக் காயம்படாமல், ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாமல் இருந்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர்தான். காயமெல்லாம் எனக்குத்தான்.

எண்பதுகளில் மலேசியாவில், குவாலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், நான் சின்னக் கிராணி, ஆள்கணக்கு எழுதுகிறவன். அவர் தோட்ட ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணமாகாதவர், ஐம்பதைத் தாண்டியவர். தோட்டம் முழுக்க அவருக்கு ‘கர்னல்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். “கர்னல் எண்டு சொல்லுறது சரியில்லை ஐசே. என்னட்ட இருக்கிற படைக்கு ஆகக் குறைஞ்சது பிரிகேடியர்” என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இங்கிலீஷ் ‘ஐ ஸே’தான் அவர் வாயில் ‘ஐசே’.

எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தோட்டத்தில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், கூடத்தில் ஆறு பேர் உட்காரக்கூடிய சாப்பாட்டு மேசை. அந்த மேசையில் நான் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. அங்கே எப்போதும் ஏதாவது ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு கம்பெனி, சரித்திரத்தில் நடந்த போர்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சிப்பாய்களை விரல் உயரத்துக்கு உலோகத்தில் வார்த்து, சட்டைப் பொத்தான்வரை வர்ணம் பூசி விற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விளையாடுவதற்கு இல்லை, பெரியவர்கள் சேர்த்து வைப்பதற்கு. மாதாமாதம் புதிதாக ஒரு செட் வரும். தபாலில் சிவப்புப் பெட்டி வந்துவிட்டால், கர்னல் கையைக் கழுவி, ஆபரேஷனுக்குப் போகிறவரைப் போல விரலை விரித்துக்கொண்டு வந்து திறப்பார். நான் எட்டிப் பார்த்தால், “மூச்சு விடாதையும், வர்ணம் மங்கிப்போகும்” என்பார். என் வீட்டில் நான் மூச்சு விட இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

பீரங்கிப் புகைக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சு. காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிவப்பு மருந்து, குச்சி முனையில் தொட்டு ஒரு பொட்டு. இதனால் எங்கள் வீட்டில் காத்தாடி போடக் கூடாது. ஒருநாள் மத்தியானம் வெயில் தாங்காமல் நான் போட்டுவிட்டேன். அறையிலிருந்து ஓடி வந்தார்.

“நிப்பாட்டும்! நிப்பாட்டும் ஐசே! புகை பிழையான பக்கம் போகுது!”

“ஐயா, எனக்கு வேர்த்துக் கொட்டுது.”

“அண்டைக்குக் காத்து மேற்கிலயிருந்துதான் அடிச்சது. உமக்கு வேர்க்குதெண்டு சரித்திரத்தை மாத்தேலுமோ?”

நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று வருஷம் அங்கேதான் சாப்பிட்டேன்.

விடிந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற வேலையாட்களுக்குப் பெரட்டு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் கூப்பிடுவது என் வேலை. நான் கிளம்புவதற்குள் கர்னல் மேசைப் பெரட்டை முடித்திருப்பார். அதற்கென்று தனி நோட்டு, அதில் ஒவ்வொரு சிப்பாயும் ‘வேலை’யா, ‘சுகமில்லை’யா என்று குறித்திருக்கும். லயத்து ஆட்களுக்கு எம்சி, அதாவது சுகமில்லை என்று லீவுச் சீட்டு, கொடுப்பதென்றால் மனிதருக்குப் பேனாவில் மை வராது. பால்வெட்டு அஞ்சலை காய்ச்சலோடு வந்தால், இரண்டு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து “நடக்கேலுது, அப்ப வேலையும் செய்யேலும்” என்று அனுப்பிவிடுவார். அதே மனிதர், கணுக்கால் வளைந்துபோன ஒரு பிரெஞ்சுச் சிப்பாய்க்கு மூன்று வாரம் எம்சி கொடுத்து, பஞ்சு மெத்தையில் படுக்க வைத்திருந்தார். அஞ்சலை ஒருநாள் எங்கள் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க கிராணி, நானும் ஈயத்துல பொறந்திருந்தா இவரு கையில கொஞ்சம் நல்லா இருந்திருப்பேன்ல?”

 எனக்கே அந்த ஆசை இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாணத்தில் அவர் பட்டாளம் புகுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ரவாங்கிலிருந்து முதலில் ஒரு குடும்பம் மாப்பிள்ளை பார்க்க வந்தது. பெண்ணின் மாமா காப்பிக் கோப்பையைத் தெரியாமல் குதிரைப்படையின் மேல் வைத்துவிட்டார். கர்னல் போட்ட சத்தத்தில் அவர் மீதிக் காப்பியைக் குடிக்காமலே லோரி ஏறிவிட்டார். அடுத்தது சுங்கை சோக் குடும்பம். அந்தப் பெண்ணின் அத்தை மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு இன்னும் பொம்மை வெளையாட்டு விடலையா?” என்று கேட்டார். என்னுடையது இல்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஐம்பது வயது மனிதருடையது என்றால் யார்தான் நம்புவார்கள்?

மூன்றாவதாக வந்தது ஜெராம் சம்பந்தம். அந்தப் பெண்ணைக் கோயில் திருவிழாவில் தூரத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்த நாளிலிருந்து பெரட்டில் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இது கைவிட்டுப் போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தது. கர்னலின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஐயா, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாள். மேசையைக் காலி பண்ணிக் கொடுங்க.”

“எப்பிடி ஐசே ஏலும்? புது செட் வந்து ரெண்டு கிழமையா அடுக்குறன். மலாயாப் போர். எங்கட குவாலா சிலாங்கூர்தான், ஜப்பான்காரன் வந்து இறங்கின நேரம். நடுவில கலைச்சா என்னெண்டு திரும்ப அடுக்குறது?”

“அப்ப நான் ஒங்க ஜப்பான்காரனையே கட்டிக்கிறேன்லா!”

மனிதருக்கு என்ன தோன்றியதோ, கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “சரி, பயப்படாதையும். ஆருக்கும் தெரியாமல் மூடிவிடுறன்” என்றார். நான் நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பலகாரம் வாங்க டவுனுக்குப் போய்த் திரும்புகிறேன், வாசலில் டாக்சி நிற்கிறது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இறங்கிவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மேசையின் மேல் ஆஸ்பத்திரி வெள்ளைத் துணி, தலையிலிருந்து கால்வரை இழுத்து மூடியதுபோல. ஒரு முனையில் தலை அளவுக்கு ஒரு மேடு. நாலு மூலையிலும் துணி பறக்காமல் மருந்துப் புட்டி. இருபது வருஷமாக அவர் எதை மூடினாலும் அப்படித்தான் மூடிப் பழக்கம்.

பெண்ணின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “தம்பி, வீட்டுல ஏதும் காரியமாப்பா? நாங்க வேற நாள் வர்றோம்லா.”

நான் வாயைத் திறப்பதற்குள் கர்னல் முந்திக்கொண்டார். “ஒண்டும் யோசியாதையுங்கோ அம்மா. இன்னும் முழுசாச் சாகேல்லை. பின்னேரம்தான் முடியும்.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பலகாரப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தத் துணியை இழுத்தேன். உள்ளே நான் இடுப்பில் கட்டுகிற பச்சைச் சாரம் கித்தாக் காடாகப் பரந்து கிடந்தது. என் நீலத் துண்டு ஆறாக ஓடியது. தலை மாதிரித் தெரிந்தது என் தலையணை, குவாலா சிலாங்கூர்க் குன்று. அதன் உச்சியில் கலங்கரை விளக்கமாக ஓர் இருமல் மருந்துப் புட்டி. என் படுக்கையில் எதுவுமே மிச்சமில்லை. இந்த ஆளைத் தூக்கி உண்மையான ஆற்றில் போட வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அப்பா உட்காரவில்லை. மேசையைச் சுற்றி மெல்ல நடந்தார்.

“இது என்னா எடம்?”

கர்னலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எங்கட குவாலா சிலாங்கூர்தான் ஐயா. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன்ர படை, அந்தப் பக்கம் ஜப்பான்காரன். வடிவாப் பாருங்கோ, பொத்தான்கூடப் பிழையில்லை.”

அப்பா என் சாரத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். “இங்கதான் எங்க லயம் இருந்துச்சு” என்றார். பிறகு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாங்க எங்க?” என்று கேட்டார்.

“ஆர்?”

“நாங்கதாங்க. தோட்டத்து ஆளுங்க. அவன் போறான், இவன் வர்றான், நடுவுல கால்வாயில படுத்துக் கெடந்தது நாங்கல்ல? அப்புறம் ஜப்பான்காரன் எங்களை லோரில ஏத்தி சயாமுக்குக் கொண்டு போனான், ரயில் ரோடு போட. எங்க லயத்துல ஒம்பது பேரு போனோம். நான் மட்டும் வந்தேன்.”

எதைக் கேட்டாலும் தேதியோடு பதில் சொல்கிற கர்னல், எல்லா உருவங்களின் படமும் போட்ட கம்பெனிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு மூடினார். “அந்த உரு அவங்கள் செய்யேல்லை ஐயா” என்றார். 

அதன் பிறகு அவர் செய்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். “ஐயாவுக்கு வேர்க்குது” என்று எழுந்துபோய்க் காத்தாடியைப் போட்டார். புகையெல்லாம் கிளம்பிக் கிழக்கும் மேற்குமாகப் பறந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையால் ஒரு படையையே ஒதுக்கித் தள்ளி, அந்த இடத்தில் அப்பாவுக்குத் தேத்தண்ணி வைத்தார். நான் மூன்று வருஷம் கெஞ்சிக் கிடைக்காத இடம்!

அப்பா இரண்டு மணி நேரம் பேசினார். கர்னல் பெரட்டு நோட்டில் அந்த எட்டுப் பேரின் பெயரையும் எழுதிக்கொண்டார். என் சம்பளம் என்ன, படிப்பு என்ன, குடிப்பேனா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒருவன் தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. அம்மா மட்டும் நடுவில் ஒருதரம், “அவரு எங்ககிட்டகூட இதைச் சொன்னதில்லை தம்பி” என்று என் காதில் சொன்னார். கிளம்பும்போது அப்பா என் தோளைத் தட்டி, “தை மாசம் வச்சிக்கலாம்லா மாப்பிள்ளை” என்றார். சந்தோஷத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. என் கல்யாணத்தைக்கூட நானாக ஜெயிக்க விடவில்லையே இந்த ஆள்!

கர்னல் கம்பெனிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். தோட்டத்துத் தமிழன் உரு ஒன்று வேண்டும், மண்வெட்டியோடு. பதில் மரியாதையாக வந்தது. யோசனைக்கு நன்றி, ஆனால் அப்படி ஓர் உருவத்தை வாங்க ஆள் இருக்காது. அவர் அதை மடித்துப் பெரட்டு நோட்டுக்குள் வைத்தார். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் அரம் உராய்கிற சத்தம் கேட்டது.

கல்யாணத்துக்கு எல்லாரும் பிளாஸ்க்கும் இஸ்திரிப் பெட்டியும் கொடுத்தார்கள். கர்னல் சிவப்புப் பெட்டி கொடுத்தார். இங்கேயுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். மலாயாப் போர் செட்டில் ஒரு புத்தம் புதிய வெள்ளைக்காரச் சிப்பாய். தொப்பியை அராவித் தலைப்பாகை ஆக்கியிருந்தார். துப்பாக்கியை எடுத்துவிட்டுத் தீக்குச்சியில் மண்வெட்டி. சட்டையைச் சுரண்டிவிட்டு வெற்றுடம்பாகக் கறுப்பு வர்ணம். மூச்சுப் பட்டாலே பதறுகிற மனிதர், அரத்தை எடுத்து அந்தச் சிப்பாயை அராவியிருக்கிறார். மாமனார் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காலுல பூட்ஸையும் எடுத்துட்டாரு. சரியா இருக்கு” என்றார். 

கர்னலும் மாமனாரும் இப்போது இல்லை. எங்கள் வீட்டில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதன் நடுவில் அந்த மண்வெட்டிக்காரர் நிற்கிறார். காத்தாடியை வேகமாக வைத்தால் தீக்குச்சி ஆடுகிறது. அதனால் சாப்பிடும்போது நான் காத்தாடி போட விடுவதில்லை. வேர்த்துக் கொட்டுகிறதே என்று என் மனைவி திட்டுகிறாள். திட்டட்டும். அந்த மனுஷனுக்காக நான் இன்னும் கொஞ்சம் வேர்க்கலாம்.