இருபத்தொன்பது எழுத்துப் பலகை

அன்புத் தங்கை குன்னெலுக்கு அண்ணன் எவால்ட் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி மைவோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மினசோட்டாவில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதா? மாப்பிள்ளை டெனிசுக்கு என் அன்பு. போன கோடையில் வந்தபோது நம் ஊர்ப் பலகைகளில் சொற்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதியிருப்பதைப் பார்த்து, "உங்க பாஷையில மூச்சு விடக்கூட இடம் விட மாட்டீங்களா?" என்று சிரித்தாரே, அவரை உட்காரவைத்து இதை உரக்கப் படித்துக் காட்டு.

ஓடை வந்து ஏரியில் கலக்கிற மூலையில் எந்தக் குளிர்காலத்திலும் பனிக்கட்டி கெட்டிப்படாது என்பது உனக்குத் தெரியும். அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்க எங்கள் பனிச்சறுக்குக் கழகம் தீர்மானம் போட்டது. முப்பத்தோராண்டு ரயில்வேயில் பெயர்ப்பலகை எழுதியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன். மூன்று நாள் யோசித்து ஒரே சொல்லாகக் கட்டினேன்: மெல்பனிக்கட்டிப்பரப்புநுழைவுத்தடை. எண்ணிப் பார், நம் பாஷை எழுத்தில் இருபத்தொன்பது. 'அடி வை' என்கிற சின்ன வினைச்சொல்லுக்கு முன்னால் ஓர் அசை, பின்னால் ஓர் அசை ஒட்டினேன். 'நுழைவு' என்று நிமிர்ந்து நிற்கிற பெயர்ச்சொல் ஆகிவிட்டது. பரப்புக்கும் நுழைவுக்கும் நடுவே ஓர் 'எஸ்' எழுத்தை வைத்துப் பசை போட்டேன். ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டிய வீடு மாதிரி இருந்தது, போ!

கழகச் செயலாளர் ஃபோல்கே, அதான் பள்ளிக்கூடத்தில் உன் சடையை மையில் முக்கியவன், வியாழக்கிழமைக் கூட்டத்தில் பட்டாணி சூப்புக்கு நடுவே கரண்டியைக் கீழே வைத்தான். "இது சொல்லா, சரக்கு ரயிலா? நாலு மீட்டர் பலகைடா இது! ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பலகையில எழுதிடு" என்றான். "பிரிச்சா என்ன ஆகும் தெரியுமா? முதல் பலகையில 'மெல்பனிக்கட்டிப்பரப்புநுழைவு'ன்னு நிக்கும். ரெண்டாவது பலகையைப் பனி மூடிடுச்சுன்னா? வாங்க, உள்ள வாங்கன்னு வரவேற்கிற மாதிரி ஆயிடும்டா! நம்ம பாஷையில வால்தான் தலை!" என்றேன். சூப் ஆறிப்போயிற்று. ஓட்டெடுப்பில் ஒன்பதுக்கு எட்டு என்று நான் ஜெயித்தேன். ஒன்பதாவது கை மைவோருடையது. பான்கேக் தட்டைக் கேட்கத்தான் கையைத் தூக்கினேன் என்று இன்றுவரை சொல்கிறாள், அதை விடு.

பலகையைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டு போனேனா, முனை திரும்பும்போது அதன் வால் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைத் தட்டிவிட்டது, இறங்கி மன்னிப்புக் கேட்கத் திரும்பினால் அவிழ்ந்த கயிறு என் தொப்பியைக் கொண்டுபோயிற்று, குளிரில் சிவப்புச் சாயம் காயவே இல்லை, ஆனாலும் சனிக்கிழமை மதியத்துக்குள் கரையோரம் இரண்டு கொக்கியில் மாட்டிவிட்டேன். சொல்லின் தலை கரைமேல், வால் ஏரிக்கு மேலே நீட்டிக்கொண்டு. அடடா! அக்கரையிலிருந்துகூடத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோல்கே அளவு நாடாவோடு வந்து நின்றான். கழக விதியில் மூன்று மீட்டருக்கு மேல் பலகை கூடாதாம். "அளந்து எழுதிக் குடுத்து இறக்க வைக்கிறேன் பார்" என்று நாடாவின் ஒரு முனையை முதல் எழுத்தில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே நகர்ந்தான். நுழைவு வரும்போது பனிக்கட்டிமேல் நின்றான். "டேய், நில்லுடா! முழுசாப் படி!" என்று கத்தினேன். "படிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன்!" என்றான். தடையைத் தாண்டி ஓரடி வைத்தான். டப்பென்று சத்தம். ஆள் கழுத்துவரை உள்ளே!

பலகையைக் கொக்கியிலிருந்து பிடுங்கினேன், பனிக்கட்டியில் குப்புறப் படுத்தேன், முழங்கால் தேயத் தேய அதை முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்தேன். "புடிடா!"

"எதைப் புடிக்க? சாயம் வழுக்குதுடா!"

"நுழைவை விட்டுடு! தடையைப் புடி, தடையை!"

பிடித்தான். அப்படியே பின்னால் ஊர்ந்து, கரையில் கால் ஊன்றி நான் இழுத்த இழுப்பில் அவன் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் கோட்டு மார்பில் 'தடை' என்று சிவப்பாக, திருப்பிப் போட்டு அச்சாகியிருந்தது. எங்கள் அடுப்பங்கரையில் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து பல் தந்தியடிக்க, "ரெண்டு பலகையா இருந்திருந்தா எட்டியிருக்காதுடா" என்று அவனே சொன்னான். அவன் வாயால்! மைவோர் சாட்சி. நான் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக் கொடுத்தேன். மூச்சு விட இடம் விடாத பாஷைதான் ஒரு மனிதனின் மூச்சைக் காப்பாற்றியது என்று மாப்பிள்ளையிடம் சொல். இப்படி ஒரு பாஷையில் பிறந்ததற்கு நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

உன் வீட்டு விறகு தீராமல் இருக்கட்டும், பிள்ளைகள் நம் பாஷையை மறக்காமல் இருக்கட்டும். மைவோர் உன்னை முத்தமிடச் சொன்னாள்.

உன் அண்ணன்,
எவால்ட் நூர்லிங்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மைவோர் ஏரியிலிருந்து வந்தாள். உடைந்த ஓட்டையில் துடுப்பை இறக்கி ஆழம் பார்த்தாளாம். ஃபோல்கே விழுந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதானாம். நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "தெரியும்டா. விழுந்த உடனேயே கால் தரையில பட்டுடுச்சு. நீ அவ்வளவு ஆசையாப் பலகையைத் தள்ளிக்கிட்டு வந்தே, எழுந்து நிக்க மனசு வரல" என்றான். மாப்பிள்ளைக்கு இந்த வரிகளை மட்டும் படித்துக் காட்டாதே.